ஒன்பதால் வகுபடும் கடலை

அவன் வந்து உட்கார்ந்ததும் ‘நறுக்’கென்று ஒரு சத்தம்.

உனைசி திரும்பிப் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் அவள் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்த சார்ட் சுருளைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓர் ஆள் இருந்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த சுலுவின் ஓரத்தைப் பிழிந்துகொண்டு...

“எழுந்திருங்க.”

“ஏன், இது வேற யாரோட சீட்டா?”

“சீட்டு யாரோடதும் இல்ல. நீங்க உக்காந்திருக்கறது என் சார்ட் மேல.”

பதறி எழுந்தவன் சாமான் வைக்கும் பலகையில் தலையை இடித்துக்கொண்டான். அதற்காகப் பரிதாபப்படும் நிலையில் அவள் இல்லை. நசுங்கிப்போன சுருளை எடுத்துப் பிரித்தாள். நடுவில் ஒரு பெரிய மடிப்பு. அவனிடமிருந்து சொட்டிய தண்ணீரில் நீல மை கரைந்து, எட்டும் ஒன்பதும் ஒன்றோடொன்று கலந்து ஓடிக்கொண்டிருந்தன.

சவுசவு ஊரிலிருந்து லம்பாசா போகும் பஸ் அப்போதுதான் நிலையத்தை விட்டு மலையேறக் கிளம்பியிருந்தது. ஜன்னல்களுக்குக் கித்தான் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். மழை அதன்மேல் அடிக்கிற அடியில், பஸ்ஸுக்குள் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவள் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீவில் ஒரே ஒரு நீல மைப் பேனாவை வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாய் அழகு பார்த்து எழுதிய சார்ட். நாளைக்கு லம்பாசாவில் ஆசிரியர் பயிற்சி முகாம். ஒவ்வொருவரும் ஒரு சார்ட் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

“நான் வேணும்னு பண்ணல...” என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, விழவில்லை. பவளப்பாறைக் குழிக்குள் தங்கிவிட்ட கடல்நீர் மாதிரி, அடிவரை தெளிவாக... அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மறந்துபோய், அந்தக் கண்களையே பார்த்தான். அப்புறம் அவசரமாகச் சார்ட்டைப் பார்த்தான்.

“வகுபடும் விதிகளா? ரெண்டு... மூணு... நாலு... எல்லாம் இருக்கு. ஏழைக் காணோமே. நான் நசுக்கிட்டேனா?”

“ஏழுக்குச் சுலபமான விதி இல்லைன்னு எங்க கணக்குக் கையேட்டுல போட்டிருக்கு. அதனால எழுதல.”

“ஓ...” அவன் ஈரத்தைத் தன் கைக்குட்டையால் ஒற்றினான். கைக்குட்டையும் ஈரம். நிலைமை இன்னும் மோசமானது. “நீங்க எந்தத் தீவு?”

“நுகுலைலை.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “நான் தவுனிகா.”

உனைசி கண்ணை மூடிக்கொண்டாள். இதுதான் குறைச்சல். நுகுலைலைக்காரர்களும் தவுனிகாக்காரர்களும் எங்கே சந்தித்தாலும் கேலி பேசிக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. முன்னோர் காலத்திலிருந்து வருகிற உறவு அது. இனி இவனைத் திட்டக்கூட முடியாது. கேலிதான் செய்ய முடியும்.

“அதான பார்த்தேன்,” என்றாள். “தவுனிகா ஆளுங்க உக்கார்ற இடத்துல புல்லு முளைக்காதுன்னு எங்கப்பா சொல்வாரு.”

“நுகுலைலையில புல்லே கிடையாதாமே. ஆட்டைக் கொண்டுபோனா அது திரும்பி நீந்தி வந்துடுமாம்.”

“ஆட்டுக்கு இருக்கற புத்தி உங்களுக்கு இல்ல. மழையில நனைஞ்சுட்டு வந்து நிக்கிறீங்க.”

“இப்ப உக்காரலாமா? இல்ல, வேற ஏதாவது சார்ட் இருக்கா?”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நகர்ந்து இடம் விட்டாள்.

இரண்டு பேரும் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. கேலி உறவுக்காரர்கள் பெயரால் கூப்பிட்டுக்கொள்வது வழக்கமில்லை. ‘தவுனிகா’ என்பதும் ‘நுகுலைலை’ என்பதுமே போதுமாக இருந்தது.

மலையின் நடுவில் பஸ் நின்றது. முன்னால் ஓடை சாலைக்கு மேலே ஏறி, பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். “தண்ணி வடியட்டும்,” என்று சொல்லிவிட்டு முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டார். அவ்வளவுதான். பஸ்ஸில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிந்தன. அவன் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். சவுசவு பஸ் நிலையத்தில் விற்கிற உப்புக் கடலை.

“சமாதானத்துக்கு...” என்று நீட்டினான்.

அவள் எடுத்துக்கொண்டாள். மென்றுகொண்டே, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். சார்ட் போன வருத்தம் எங்கேயாவது போக வேண்டுமே.

“நாளைக்கு முகாம்ல இந்தக் கையேட்டை எழுதின ஆளு வர்றாராம். தலைநகர் சுவாவிலேர்ந்து. அவரை ஒரு கேள்வி கேக்கணும்னு இருக்கேன்.”

“என்ன கேள்வி?”

“ஒன்பதால வகுபடுமான்னு பார்க்க, இலக்கங்களைக் கூட்டுங்கன்னு எழுதியிருக்காரு. சரி. எங்க வகுப்புல ஒரு பொண்ணு ‘ஏன் மேடம்’னு கேக்குது. புத்தகத்தைப் புரட்டினா, ‘இதை மனப்பாடம் செய்க’ன்னு போட்டிருக்கு. இதை எழுதினவரு ஒரு நாளாவது பிள்ளைங்க முன்னாடி நின்னிருப்பாரா? ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதினா இப்படித்தான் வரும்.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். காது மடல் சிவந்ததை அவள் கவனிக்கவில்லை.

“ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான், கொஞ்சம் மெதுவாக.

“தெரியாம இருக்க முடியுமா? அந்தப் பொண்ணு என்னை விடுமா?” அவள் நசுங்கிய சார்ட்டையே மடியில் விரித்தாள். பொட்டலத்தைக் கவிழ்த்தாள். “எண்ணுங்க. பத்துப் பத்தா மூணு கும்பல். உதிரியா ஆறு.”

அவன் எண்ணினான். பெரிய விரல்கள். கடலை அதில் நழுவி நழுவி ஓடியது.

“முப்பத்தாறு. இப்ப ஒவ்வொரு கும்பல்லேர்ந்தும் ஒண்ணை வெளிய எடுங்க.”

“எடுத்தாச்சு.”

“கும்பல்ல என்ன மிச்சம்?”

“ஒன்பது... ஒன்பது... ஒன்பது.”

“அதெல்லாம் ஒன்பதால போயிடும். கவலையே வேண்டாம், அப்படியே வச்சிடுங்க. வெளிய எடுத்தது மூணு. உதிரி ஆறு. முப்பத்தாறுல இருக்கற இலக்கங்களும் அதேதானே. மூணும் ஆறும். ரெண்டையும் கூட்டினா?”

அவன் சார்ட்டின்மேல் இருந்த கடலையை, ஏதோ முதல்முறையாகக் கடலையைப் பார்க்கிறவன்போல, பார்த்துக்கொண்டிருந்தான்.

“நூறு வந்தா?” என்றான்.

“நூறுல தொண்ணூத்தொன்பது போயிடும். ஒண்ணு மிச்சம். ஆயிரத்துலயும் ஒண்ணுதான் மிச்சம். இலக்கங்களைக் கூட்டறோம்னா, கும்பல் கும்பலா மிஞ்சினதைத்தான் கூட்டறோம். வேற ஒண்ணும் இல்ல. மூணுக்கும் இதே கதைதான்.” அவள் குனிந்து பார்த்தாள். “ஐயோ, இங்க ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு எங்க?”

அவன் தாடை அசைந்துகொண்டிருந்தது.

“தின்னுட்டீங்களா?”

“தெரியாம...”

“இப்ப முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. ஒன்பதால போகாது. தவுனிகாக்காரங்களை நம்பிக் கணக்குப் போடவே கூடாது.”

அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. கண்ணோரத்தில் மட்டும் கோடு விழுகிற சிரிப்பு. அவளுக்குத் திடீரென்று மழை நின்றுவிட்டதுபோல ஓர் அமைதி. நிற்கவில்லை. கித்தானில் அடித்துக்கொண்டேதான் இருந்தது. அவளுக்குத்தான் கேட்கவில்லை...

தண்ணீர் வடிய மதியம் தாண்டியது. அதற்குள் ஏழுக்கும் ஒரு வழி இருக்கிறதென்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். “கடைசி இலக்கத்தை ரெண்டு மடங்காக்கி, மீதி எண்ணுலேர்ந்து கழிங்க. வர்றது ஏழால போனா, மொத்தமும் போகும். கொஞ்சம் தாஜா பண்ணணும், உங்க ஊர்க்காரங்களை மாதிரி.” அவன் முந்நூற்று நாற்பத்து மூன்றைப் போட்டுப் பார்த்து, ஆறைக் கழித்து, இருபத்தெட்டு வந்ததும் குழந்தைபோலத் தலையாட்டினான்.

லம்பாசா பஸ் நிலையத்தில் கரும்பு லாரிகளின் இரைச்சல். அவள் தோழி ஷலேஷ்னி குடையோடு ஓடி வந்து, “உனா, வாடி, நனையாதே,” என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஷலேஷ்னி அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. ஆசிரியர் கல்லூரியில் உனைசியோடு ஒரே அறையில் இருந்தவள்.

“உங்க பேரு...” என்று அவன் பின்னாலிருந்து கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டம் நடுவில் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஷலேஷ்னி வீட்டில் ரொட்டி சாப்பிடும்போது, “யாருடி அந்த ஆளு?” என்று ஷலேஷ்னி இரண்டு தடவை கேட்டாள். உனைசி இரண்டு தடவையும், “யாரோ ஒரு தவுனிகா,” என்றாள். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் நீண்டுவிட்டது.

மறுநாள் காலை, முகாம் நடந்த மண்டபத்தில், “இந்தக் கையேட்டை எழுதிய திரு. அபிசாய் நைவாலு அவர்கள்,” என்று அறிவித்தார்கள்.

மேடை ஏறியவன் அவன்.

உனைசிக்கு ரத்தம் முழுவதும் முகத்துக்கு ஏறியது. ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதினா... ஒரு நாளாவது பிள்ளைங்க முன்னாடி... ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து அவளையே குத்தியது. அவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானே. ‘நான்தான் அது’ என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கடலையை எண்ணவிட்டு, வேடிக்கை பார்த்து...

அவன் கண்கள் மண்டபம் முழுக்கத் தேடின. அவளைக் கண்டுபிடித்ததும் நின்றன. கண்ணோரத்தில் அந்தக் கோடு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து அவன் செய்ததுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். மேசைமேல் கடலையைக் கொட்டினான். “பத்துப் பத்தா மூணு கும்பல்...” என்று ஆரம்பித்தான்.

அவளுடைய சொற்கள். அவளுடைய கும்பல். ஒலிபெருக்கியில், அவன் குரலில். பக்கத்தில் இருந்தவர்கள் எக்கிப் பார்த்தார்கள். “அட, நல்லா இருக்கே,” என்றார் யாரோ.

உனைசி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்தாள். தாழ்வாரம் தாண்டும்போது கைதட்டல் கேட்டது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. நசுங்கிய சார்ட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தது சவுசவு பஸ் கிளம்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. போகட்டும். எல்லாம் போகட்டும்...

நுகுலைலையில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கும். அடுத்த வாரம் ஏறியபோது ஷலேஷ்னியின் அழைப்பு வந்தது.

“நீ ஏண்டி பாதியில ஓடின?”

“தலைவலி.”

“பொய் சொல்லாதே. அந்தக் கடலை விஷயம் உன்னோடதுதானே? நீ போன தடவை வந்தப்ப எங்க பொண்ணுக்கு அப்படித்தானே பீன்ஸ் விதையை வச்சு சொல்லிக் கொடுத்தே.”

உனைசி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அந்த ஆளு கடைசியில என்ன சொன்னாரு தெரியுமா? ‘இது நான் கண்டுபிடிச்சதில்ல. நேத்து பஸ்ல ஒரு டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க. என் புத்தகத்துல இருக்கற குறையையும் அவங்கதான் சொன்னாங்க. அவங்க இங்கதான் இருக்காங்க. பேரு எனக்குத் தெரியாது. தயவுசெஞ்சு எழுந்து நிக்க முடியுமா, எல்லாரும் பார்க்கணும்’னாரு. யாரும் எழுந்திரிக்கல. அவரு அப்படியே நின்னுக்கிட்டு இருந்தாரு, உனா. பார்க்கவே ஒரு மாதிரியா இருந்தது. அப்புறம் ‘சரி’ன்னு சொல்லிட்டு கடலையைப் பொறுக்க ஆரம்பிச்சுட்டாரு.”

மேட்டின் புல்லில் உனைசி உட்கார்ந்துவிட்டாள். கீழே கடல் பளபளவென்று, ஒன்றும் நடக்காததுபோலக் கிடந்தது.

“நம்பர் வாங்கித் தரட்டுமா?” என்றாள் ஷலேஷ்னி.

“வேண்டாம்.”

“ஏண்டி?”

“என்னன்னு பேசறது? திட்டினவ நான். ஓடினவ நான்.”

அந்த ‘வேண்டாம்’ என்கிற வார்த்தையை அதற்கப்புறம் எத்தனையோ தடவை அவள் நினைத்துப் பார்த்தாள். வகுப்பில் பிள்ளைகள் கூட்டல் போடும்போது... ஓலைப்பாயில் மதியம் படுத்திருக்கும்போது... மழை வரும்போது, முக்கியமாக மழை வரும்போது. கித்தானில் அடிக்கிற அந்தச் சத்தம் தீவில் இல்லை. இங்கே மழை தகரத்தில் விழும். ஆனாலும் முதல் துளி விழுந்ததும் உடம்பு பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் ஈரச் சட்டை வாசம் வரும். ‘சரி’ன்னு சொல்லிட்டு பொறுக்க ஆரம்பிச்சுட்டாரு... பெரிய விரல்கள். நழுவி நழுவி ஓடும் கடலை. நான் அங்கே இருந்திருந்தால்? எழுந்து நின்றிருந்தால்?

வாரத்துக்கு ஒரு படகு. அது வருகிற நாளில் உனைசிக்குத் துறையில் ஏதாவது வேலை இருக்கும். சாக்பீஸ் வந்திருக்கிறதா பார்க்கணும். மண்ணெண்ணெய் வந்திருக்கிறதா பார்க்கணும். படகிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு, சாக்பீஸைக் கேட்க மறந்துபோய், வெறுங்கையோடு வீடு திரும்புவாள்.

அவள் அப்பா எபேலி படகு செய்கிறவர். மனைவி போனபின் சமையலும் அவர்தான். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் பலகையை இழைத்துக்கொண்டே, “நம்ம ஸ்கூலுக்கு ரொம்ப சாக்பீஸ் செலவாகுது போல,” என்றார்.

“ஆமாப்பா.”

“ம்...” என்று இழைப்பைத் தொடர்ந்தார்.

மாம்பழக் காலம் தொடங்கியபோதுதான் உனைசி ஒருவழியாக மேடேறி, “அந்த நம்பர் கிடைக்குமா?” என்று கேட்டாள். ஷலேஷ்னி சிரிக்காமல் வாங்கித் தந்தாள். அது கையேட்டை வெளியிட்ட பதிப்பகத்தின் எண். எடுத்த பெண், “அவரு வேலையை விட்டுட்டாரே,” என்றாள். “எங்க போனாருன்னு தெரியலம்மா.”

போனை வைத்தபின் அவள் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் தான் கூப்பிடவில்லை என்பதுதான் துக்கம் என்று நினைத்திருந்தாள். கூப்பிட்டால் அங்கே இருப்பான் என்கிற நம்பிக்கை அந்தத் துக்கத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. இப்போது அதுவும் இல்லை.

செய்தி கொண்டுவந்ததும் ஷலேஷ்னிதான். “உன் ஆளு எங்க இருக்காரு தெரியுமா? மலை ரோட்டுல, வுனிவேசி ஸ்கூல்ல. வகுப்பு எடுக்கறாரு. அந்த ஸ்கூல்ல யாருமே ஒரு வருஷம் தங்க மாட்டாங்க. இவரு தானாக் கேட்டு வாங்கிக்கிட்டாராம். சுவாவுல அவரோட வேலை பார்த்தவங்க சிரிக்கறாங்களாம், யாரோ ஒரு டீச்சர் திட்டினாங்கன்னு இந்த ஆளு பேனாவைப் போட்டுட்டு சாக்பீஸைத் தூக்கிட்டாருன்னு.”

“என் ஆளு இல்ல,” என்றாள் உனைசி.

வருடத் தேர்வுத் தாள்களை வாங்க லம்பாசா போக வேண்டியிருந்தது. வழக்கமாகத் தலைமையாசிரியர் போவார். இந்தத் தடவை, “நான் போறேன் சார்,” என்றாள். புறப்படும்போது அப்பா வாழையிலையில் கட்டிய பொட்டலத்தைக் கொடுத்தார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் சேப்பங்கிழங்கும். கனமாக இருந்தது.

“என்னப்பா இவ்வளவு? ஒருத்திதானே போறேன்.”

“போறப்ப ஒருத்திதான்,” என்றார் எபேலி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வுனிவேசியில் பஸ் நின்றபோது வானம் வெளுத்திருந்தது. மழை இல்லை. அதுவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது, மறைந்துகொள்ள எதுவும் இல்லாததுபோல. இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். இனித் திரும்பிப் போகவும் முடியாது.

மேட்டின்மேல் ஒரே நீளக் கட்டடம். கதவில்லாத வகுப்பறைகள். கடைசி அறையிலிருந்து அந்தக் குரல்.

“முந்நூத்தி அம்பத்திரண்டு. பதினொண்ணால போகுமா? விதி என்ன சொல்லுது? ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டு. மூணும் ரெண்டும் அஞ்சு. நடுவுல அஞ்சு. ரெண்டும் சமம். போகும். சரி, எனக்கு இது போதாது. உங்களுக்கு?”

“போதாது மாஸ்டர்,” என்றன குரல்கள்.

“அப்ப என்ன கேக்கணும்?”

“ஏன்னு கேக்கணும்.”

உனைசி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“பத்தைப் பாருங்க,” என்றது குரல். “பதினொண்ணாக அதுக்கு ஒண்ணு குறையுது. நூறைப் பாருங்க. தொண்ணூத்தொன்பது பதினொண்ணால போயிடும். ஒண்ணு மிஞ்சுது. அப்ப மூணு நூறுல எவ்வளவு மிஞ்சும்?”

“மூணு.”

“உதிரி ரெண்டையும் சேர்த்தா?”

“அஞ்சு.”

“அஞ்சு பத்துல எவ்வளவு குறையுது?”

ஒரு சிறுமியின் குரல், யோசித்து யோசித்து: “அஞ்சு குறையுது மாஸ்டர்... அப்ப இங்க மிஞ்சினதை அங்க குறையுற இடத்துல வச்சா சரியாயிடும்ல?”

“ஆமா,” என்றான் அவன். “சரியாயிடும்.”

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்று, “மாஸ்டர், யாரோ ஒரு மேடம்,” என்றார்கள்.

அவன் வாசலுக்கு வந்தான். இளைத்திருந்தான். முழங்கைவரை சாக்பீஸ் தூள். சுலுவிலும் தூள். அவளைப் பார்த்தவன் அசையாமல் நின்றான்.

“பூலா, நுகுலைலை,” என்று வணக்கம் சொன்னான், கடைசியில்.

கேலியாகப் பதில் சொல்ல வேண்டும். வழக்கம் அதுதான். அவள் வந்தது அதற்கில்லை.

“அன்னைக்கு நான் அந்த மண்டபத்துல இல்ல,” என்றாள். “நீங்க எழுந்து நிக்கச் சொன்னப்ப... அதுக்கு முன்னாடியே போயிட்டேன். என் கணக்கை உங்க கணக்காச் சொல்றீங்கன்னு கோவம். ஒரு நிமிஷம் பொறுத்திருக்கணும். பொறுக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“எழுந்து நிக்க உங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்,” என்றான் அவன். “என்னோட சேர்த்துப் பேசப்படறது பிடிக்கலன்னு.”

“தேடிக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டேன். ரெண்டு நாள்ல பேரு தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க சொன்னது உண்மைதானே... நான் ஒரு நாள்கூட பிள்ளைங்க முன்னாடி நின்னதில்ல. அப்படியே வந்து உங்க முன்னாடி நிக்க வெக்கமா இருந்தது. முதல்ல இங்க நின்னு பார்ப்போம்னு...”

“இப்ப நல்லாத்தான் நிக்கிறீங்க.”

“எங்க? முதல் மாசம் பூரா, இப்ப பதில் சொன்னாளே, அந்தப் பொண்ணுதான் எனக்குப் பாடம் எடுத்தா.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. பெரிய வெட்டிலைகளோடு நின்ற ஈரப்பலா மரத்தின் நிழல் அவர்கள் காலடியில் ஆடியது. சொல்லிவிடு, என்றது அவள் மனசு. சாயங்காலம் பஸ் வந்துவிடும். இப்போது சொல்லாவிட்டால் இன்னொரு மழைக்காலம் முழுக்க மேட்டில் ஏறி இறங்க வேண்டும்...

“படகு வர்ற நாளெல்லாம் துறைக்குப் போவேன்,” என்றாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள். “சாக்பீஸ் வாங்கன்னு சொல்லிட்டுப் போவேன். இறங்கறவங்க முகத்தையெல்லாம் பார்ப்பேன். யாரைத் தேடறேன்னு எனக்கே சொல்லிக்கல. உங்களைத்தான். நீங்க அந்த வேலையில இல்லைன்னு கேட்ட அன்னைக்குத்தான் அது எவ்வளவுன்னு தெரிஞ்சது.”

அவன் வாய் திறந்தது. ஒரு புத்தகமே எழுதியவன்; ஒரு சொல்லும் வரவில்லை.

மணி அடித்தது.

“மாஸ்டர், உள்ள வரலாமா?” என்றாள் அந்தச் சிறுமி.

அவன் வகுப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “போங்க,” என்றாள் உனைசி. “பிள்ளைங்க காத்திருக்காங்க.”

அவன் போனான். அவள் படியில் உட்கார்ந்தாள். பொட்டலம் மடியில். உள்ளே அவன் எதையோ எழுதும் சத்தம். “மாஸ்டர், அது ஆறு இல்ல, எட்டு,” என்று ஒரு குரல். “ஆமா, எட்டு,” என்று அவன். மறுபடி எழுதும் சத்தம். மறுபடி, “மாஸ்டர், அதுவும் தப்பு.” உனைசி கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் நிழல் விழுந்தது. அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். உட்காரும்முன் கீழே ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

“நீளமான கணக்கு ஒண்ணு கொடுத்திருக்கேன். முடிக்க நேரமாகும்.”

“ம்.”

“வருஷம் முடியற வரைக்கும் இவங்களை விட்டு வர முடியாது.”

“வரச் சொல்லல. எனக்கும் அங்க பிள்ளைங்க இருக்காங்க.”

“லீவு விட்டதும் எங்கப்பா, சித்தப்பா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வருவேன். முறைப்படி பொண்ணு கேக்க, திமிங்கலப் பல்லோட உங்க வீட்டுல வந்து உக்காருவோம். உங்கப்பா வாங்கிப்பாரா?”

அவள் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். “வாங்கிப்பாருன்னுதான் நெனைக்கறேன்.”

“அதுக்கப்புறமும் ரொம்ப நாள் நீங்க அங்க, நான் இங்கன்னு இருக்க வேண்டி வரலாம். எந்த ஸ்கூல், எந்தத் தீவுன்னு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாது,” என்று ஒப்புக்கொண்டாள். “ஆனா நீங்க இன்னும் சொல்லவே இல்ல.”

“என்ன சொல்லல?”

“திமிங்கலப் பல்லு, சித்தப்பா, லீவு... எல்லாம் சொல்லிட்டீங்க. நான் சொன்னதுக்குப் பதில் சொல்லல.”

அவன் உள்ளங்கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். முழுக்கப் போகவில்லை. அப்படியே, வெள்ளையாக இருந்த அந்தக் கையை அவள் கைமேல் வைத்தான்.

“உனைசி,” என்றான்.

முதல்முறையாக அவள் பெயர் அவன் குரலில். அதைப் பலமுறை தனியாகச் சொல்லிப் பழகியவன்போல, அவ்வளவு இயல்பாக...

“காலையில எழுந்ததும் உங்களை நெனைக்கறேன். வகுப்புல ஒரு பிள்ளைக்கு ஒண்ணு புரிஞ்சா, அதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுது. சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு வந்து நிக்கறேன். ரொம்பப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாசம் ஆயிருக்கு.”

அவள் கையைத் திருப்பி அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் வெள்ளையாயிற்று.

அவர்களுக்குப் பின்னால், வகுப்பறையில், பென்சில்களின் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.